தெரிந்தே போனவன்

2015 ஏப்ரல் 7 அதிகாலை, திருப்பதிக்குப் பக்கத்தில் சேஷாசலம் காட்டில் இருபது பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டது, செம்மரக் கடத்தலைத் தடுக்க ஆந்திர அரசு அமைத்த சிறப்புப் படை. செத்தவர்கள் தமிழ்நாட்டுக் கூலிகள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலைகளிலும் அடிவாரங்களிலும் இருந்து போனவர்கள். ஜவ்வாது மலை என்று ஒன்று இருப்பதே நம்மில் பலருக்கு அன்றைய டிவி செய்தியில்தான் தெரிந்தது. அதற்குமுன் அது சாமை அரிசிப் பொட்டலத்தில் பார்த்த பெயர், இல்லையென்றால் காவலூர் தொலைநோக்கி இருக்கிற மலை.

கல்லாலும் கோடாலியாலும் தாக்க வந்தார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது படை. படைத் தரப்பில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. கூட வந்தவர்களைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன்னால் போய்ச் சொன்னார்கள். அந்த வழக்குகளின் கதை தனி. இந்தக் கட்டுரை அதைப் பற்றி இல்லை. அந்த வாரம் இரண்டு மாநிலங்களும் ஒன்றையொன்று பார்த்துக் கத்திய இரண்டு சொற்களைப் பற்றியது.

அந்தப் பக்கம் சொன்ன சொல் 'கடத்தல்காரர்கள்'. இந்தப் பக்கம் சொன்ன சொல் 'அப்பாவிகள்'. பெயிண்ட் அடிக்கப் போனவர்கள், கட்டட வேலைக்குப் போனவர்கள், எங்கே கூட்டிப்போகிறார்கள் என்றே தெரியாதவர்கள் என்று இங்கே சொன்னோம். சிலர் விஷயத்தில் அது முழு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இரண்டு சொல்லும் எதிரெதிராக நின்றாலும் அடியில் ஒரே விஷயத்தை ஒப்புக்கொள்கின்றன: தெரியாமல் போனவன் என்றால் அழலாம், தெரிந்து போனவன் என்றால் அழ வேண்டியதில்லை. தெரிந்து போனவனுக்கு ஆந்திரா தோட்டாவை வைத்திருந்தது. நாம் என்ன வைத்திருந்தோம்? மௌனத்தைத்தான். அவன் ஒருத்தன் இருக்கிறான் என்பதையே மறைத்தால்தான் நம் வாதம் நிற்கும் என்று நினைத்தோம்.

எனக்கு அவனைப் பற்றித்தான் பேச வேண்டும். இருபது வயது. மரம் வெட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரியும். அது குற்றம் என்றும் தெரியும். போனான். அவனுக்கு நாம் ஏதாவது கடன்பட்டிருக்கிறோமா?

*

முதலில் மரம். செம்மரம் உலகத்திலேயே இயல்பாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், முக்கியமாக சேஷாசலம், பாலகொண்டா, லங்கமல்லா, வெலிகொண்டா காடுகளில். மெதுவாக வளர்கிற மரம். உள்ளே வைரம் பாயப் பல பத்தாண்டுகள் ஆகும். சீனாவில் பழைய அரச வம்சத்து மேசை நாற்காலிகளின் மோகம், ஜப்பானில் ஷாமிசென் என்கிற தந்தி வாத்தியத்தின் கழுத்து, இதற்கெல்லாம் இது வேண்டியிருந்தது. 1995 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. தடை வந்தால் விலை ஏறும், விலை ஏறினால் காட்டுக்குள் ஆள் இறங்குவான். இதில் புதுசாக எதுவும் இல்லை.

ஆனால் ஆந்திரக் காட்டில் மரம் வெட்ட ஏன் ஜவ்வாது மலையிலிருந்து ஆள் போக வேண்டும்? அதற்குப் பதில் இன்னொரு மரத்தில் இருக்கிறது. ஜவ்வாது மலை சந்தன மலை. திருப்பத்தூரில் அரசு சந்தனக் கிடங்கு இருந்ததும் ஏலம் நடந்ததும் அதனால்தான். நீண்ட காலத்துக்குச் சந்தன மரம் யாருடைய பட்டா நிலத்தில் முளைத்தாலும் அது அரசாங்கச் சொத்து. தன் கொல்லையில் முளைத்த கன்றைப் பார்த்ததும் ஒருவன் சந்தோஷப்படாமல் பயப்பட வேண்டியிருந்த காலம் அது. வளர்ப்பது லாபமில்லை, இருப்பது ஆபத்து, ராத்திரியில் வெட்டினால் மட்டும் காசு. இப்படி ஒரு ஏற்பாட்டைச் சட்டமே செய்துவைத்தது. சந்தனம் தேய்ந்துபோனது. வெட்டத் தெரிந்த கை மிச்சமிருந்தது. வைரத்தைச் சேதப்படுத்தாமல் மேல்மரத்தைச் செதுக்குகிற கை, இருட்டில் மலை ஏறத் தெரிந்த கால். அந்தக் கைக்கும் காலுக்கும் வடக்கேயிருந்து ஆள் வந்தான்.

சந்தனத்தின் பெயரால் நடந்ததையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1992 ஜூன் 20-ல் தருமபுரி மாவட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிற வாச்சாத்திக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சந்தனக் கடத்தலைத் தேடுகிறோம் என்று புகுந்தார்கள். ஜவ்வாது மலையில் வாழும் அதே மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். ஊரே சூறையாடப்பட்டது. 269 பேர் மீது வழக்கு. பத்தொன்பது வருஷம் கழித்து 2011-ல் தீர்ப்பு வந்தபோது அவர்களில் உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை கிடைத்தது. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. உண்மையான கடத்தல்காரர்களையும் பெரிய புள்ளிகளையும் காப்பாற்றத்தான் அந்த ஊர் பலியாக்கப்பட்டது என்கிற பொருளில் நீதிமன்றம் சொன்னது. நான் ஒன்று கேட்கிறேன். ஒருவேளை அந்த ஊரில் பத்துப் பேர் நிஜமாகவே சந்தனம் வெட்டியிருந்தால்? பதினெட்டுப் பெண்களுக்கு நடந்ததில் எள்ளளவு குறைந்துவிடுமா? குறையாது என்று உடனே சொல்லிவிடுவோம். அப்படியானால் அப்பாவி என்கிற சொல்லை இவ்வளவு இறுக்கிப் பிடித்துக்கொண்டு நாம் யாரைச் சமாதானப்படுத்துகிறோம்?

*

அவன் எப்படிப் போகிறான் என்று பார்ப்போம். இது நான் கற்பனை செய்துகொள்கிற பையன், நிஜ ஆள் யாரும் இல்லை.

மலை மேல் மானாவாரி நிலம் கொஞ்சம். சாமையும் கேழ்வரகும் மழை பெய்தால் உண்டு. புளி, தேன், கடுக்காய், பலா எல்லாம் அந்தந்தப் பருவத்துக்கு. அறுவடை முடிந்தால் ஊர் பாதி காலி. கேரளா, குடகுக் காப்பித் தோட்டம், திருப்பூர், எங்காவது கட்டட வேலை. பையன் பத்தாவதோடு நின்றவன். அம்மாவுக்கு முடியவில்லை. காப்பீட்டு அட்டை இருக்கிறது, ஆபரேஷனுக்கு உதவும். மலையிலிருந்து இறங்குகிற வண்டிக்கும், வார்டுக்கு வெளியே பத்து நாள் சோற்றுக்கும், அந்தப் பத்து நாள் போன கூலிக்கும் அது உதவாது. வீட்டுக்கு ஒருத்தர் வருகிறார். வெளியாள் இல்லை. அம்மா வழியில் சொந்தம்.

"இன்னா மாப்ள, அம்மாவுக்கு எப்டி இருக்குது?"

"வேலூர் இட்டுனு போவச் சொல்றாங்க மாமா."

"எவ்ளோ ஆவும்?"

அவன் ஒரு தொகை சொல்கிறான். மாமா சட்டைப் பையிலிருந்து எடுத்து எண்ணிக் கொடுக்கிறார். எங்கே போக வேண்டும் என்று இவன் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ரெண்டு பேருக்கும் தெரியும்.

இந்தக் காட்சியில் வில்லன் எங்கே என்று தேடிப் பாருங்கள், சுலபமாகக் கிடைக்க மாட்டான். யாரும் அதட்டவில்லை, கத்தி காட்டவில்லை. பொய்கூடச் சொல்லவில்லை. நெருக்கடியில் கை கொடுத்த சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார். அவரும் ஒரு காலத்தில் கோடாலி தூக்கினவராக இருப்பார், இப்போது மேஸ்திரி, ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன். ஊருக்குள் அவரைப் பற்றிக் கேட்டால் நல்ல மனுஷன் என்பார்கள். எந்தப் பத்திரமும் இல்லாமல், எந்த ஆபீஸ் வாசலிலும் நிற்கவிடாமல், ராத்திரி பத்து மணிக்குப் பணம் கொடுக்கிற ஒரே ஆள் அவர்தான் என்றால் வேறென்ன சொல்வார்கள்?

தெரிந்தே போனான் என்று சொல்கிறோமே, என்ன தெரியும் அவனுக்கு? மரம் வெட்டுவது குற்றம் என்று தெரியும். மேஸ்திரியைத் தெரியும். அதற்கு மேலே இருக்கிறவனைத் தெரியாது. வெட்டிய கட்டை எந்தக் கிடங்குக்குப் போகிறது, எந்தத் துறைமுகத்தில் என்ன பெயரில் ஏறுகிறது, கடைசியில் என்ன விலை, எதுவும் தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் அந்தத் தொழிலே கட்டப்பட்டிருக்கிறது. காட்டுக்குள் இறங்குகிறவன் ஒருத்தன், சுமக்கிறவன் ஒருத்தன், வண்டி ஓட்டுகிறவன் வேறு, முன்னால் 'பைலட்'டாகப் போய் செக்போஸ்ட் பார்க்கிறவன் வேறு. பிடிபட்டால் அவனவனோடு நூல் அறுந்துவிட வேண்டும். அறுந்த இடத்தில் நிற்கிறவன் எப்போதும் கோடாலிக்காரன்தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சுரண்டல் என்றால் குறைந்த கூலி என்றுதான் நாம் படித்திருக்கிறோம். 1982-ல் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய கதவைத் திறந்தது: பசியும் வறுமையும் துரத்தி, குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவன் வேலை செய்தால் அதுவும் கட்டாய உழைப்புதான், கட்டாயம் என்பது சாட்டையில் மட்டும் இல்லை என்றது. ஆனால் செம்மரத்துக்குப் போகிறவனுக்குக் குறைந்த கூலி இல்லையே! சில நாள் வேலைக்கு, உள்ளூர்க் கூலியில் பல மாதம் சேர்த்தாலும் வராத தொகை. அதனால்தான் பலருக்கு அவன் மேல் இரக்கம் வருவதில்லை. நல்ல காசுக்கு ஆசைப்பட்டான் என்கிறார்கள்.

அவனிடமிருந்து வாங்கப்படுவது உழைப்பு மட்டும் இல்லை என்பதுதான் என் பதில். மரத்தை அறுக்கிற உழைப்புக்கு அவ்வளவு விலை கிடையாது. பிடிபடுவதும் ஜெயிலுக்குப் போவதும் சுடப்படுவதும் முதலாளி தலையிலிருந்து இறங்கி இவன் தலைக்கு வருகிறதே, அதற்குத்தான் அந்தக் காசு. அந்த ஏற்பாட்டில் அவன் பிடிபடக்கூடிய உறுப்பு, பல்லி வால் மாதிரி. அறுந்து துடித்துக்கொண்டிருக்கும், பார்க்கிறவன் அதையே பார்த்துக்கொண்டிருப்பான், பல்லி போயிருக்கும். அப்படி ஒரு மனிதனை வாலாக வைத்துக்கொள்வது, கூலி எவ்வளவாக இருந்தாலும், சுரண்டல்தான். ஏனென்றால் அந்த விலையைப் பேசுகிற இடத்தில் ஒருவனுக்கு மட்டும்தான் முழுக் கணக்கு தெரியும்.

*

எதிர்வாதங்கள் உண்டு. முதலாவது சாதாரணமாக எல்லோரும் கேட்பது: அதே மலையில், அதே வறுமையில் இருக்கிற எல்லோரும் போகவில்லையே? திருப்பூருக்குப் போனவன் இருக்கிறான், கல்லூரிக்குப் போனவள் இருக்கிறாள். இவன் மட்டும் ஏன்?

இந்தக் கேள்வி நியாயமாகத் தெரியும். ஆனால் அதில் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. வறுமை எல்லோருக்கும் பொது, அவசரம் பொது இல்லை. அது முறைவைத்து வருகிறது. இந்த மாதம் இவன் வீட்டில் அம்மா, அடுத்த மாதம் இன்னொருத்தன் வீட்டில் தங்கச்சி கல்யாணம், அதற்கடுத்து ஒருத்தன் வீட்டில் பிடிபட்டு உள்ளே இருக்கிற அண்ணனுக்கு ஜாமீன். மேஸ்திரிக்கு ஊர் முழுக்க வேண்டியதில்லை. ஒரு லோடுக்கு ஆள் சேர்ந்தால் போதும். எந்த வீட்டில் இந்த வாரம் அவசரம் என்று தெரிந்துவைத்திருப்பதுதான் அவர் தொழில் ரகசியம். போகாதவனின் மனஉறுதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவனில் சிலரிடம் மாமா இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது வாதம் கனமானது. 2013 டிசம்பரில் அதே சேஷாசலத்தில் இரண்டு வனத்துறை அதிகாரிகள் கொல்லப்பட்டார்கள். அவர்களும் வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டியவர்கள். ஒரு சம்பளக்காரர் காட்டைக் காக்கப் போய்ச் செத்தார் என்பதை 'ஆனால்' போட்டுக் கடந்துபோகிற கட்டுரையை நான் நம்ப மாட்டேன். கொன்றவன் கொன்றவன்தான், வறுமை அதைக் கழுவாது. ஆனால் அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். தமிழ்க் கூலிகள் நூற்றுக்கணக்கில் அள்ளப்பட்டார்கள். ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடந்தார்கள். 2016-ல் திருப்பதி நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கொன்றது யார் என்கிற கேள்வி அப்படியே நிற்கிறது. செத்த அதிகாரிகளின் குடும்பத்துக்கும் இதில் நீதி கிடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வாலை அள்ளிக் கூடையில் போட்டால் கிடைப்பது இதுதான்.

மூன்றாவது வாதத்தை அவனே சொல்வான். "நான் ஒண்ணும் ஏமாறல. தெரிஞ்சுதான் போனேன்." இதில் ஒரு ரோஷம் இருக்கிறது. நான் அந்த ரோஷத்தை மதிக்கிறேன். பாதிக்கப்பட்டவன் என்று ஒரு சீட்டை அவன் சட்டையில் குத்த நாம் போனால், அவன் ஆண்பிள்ளையாக எடுத்த ஒரே முடிவையும் அவனிடமிருந்து பிடுங்குகிறோம். அம்மாவுக்காகப் போனேன் என்பது அவன் வாழ்க்கையில் அவன் பெருமைப்படுகிற விஷயமாக இருக்கலாம்.

அரிஸ்டாட்டில் தன் அறவியல் நூலில் ஒரு உதாரணம் வைக்கிறார். புயலில் சிக்கிய கப்பல்காரன் சரக்கையெல்லாம் கடலில் எறிகிறான். விருப்பப்பட்டா எறிந்தான்? இல்லை. கட்டாயத்தாலா? கையைப் பிடித்து யாரும் எறியவைக்கவில்லை. இரண்டும் கலந்த செயல் என்கிறார் அவர், விருப்பத்தின் பக்கமே கொஞ்சம் சாய்ந்தது என்றும் சொல்கிறார். எனக்கு இது பிடித்திருக்கிறது, ஏனென்றால் இது அந்தப் பையனின் ரோஷத்தைக் காப்பாற்றுகிறது. ஆமாம், அவன்தான் முடிவு செய்தான். ஆனால் அரிஸ்டாட்டிலின் கப்பலுக்குப் புயல் இயற்கை தந்தது. இங்கே புயலை எதிர்பார்த்துக் கரையில் காத்திருக்கிற ஒருவன் இருக்கிறான். எறிகிற சரக்கை அள்ளிக்கொள்ள அவனிடம் படகு தயாராக இருக்கிறது. 'இவன் தேர்ந்தெடுத்தானா' என்பது ஒரு கேள்வி. 'அந்தத் தேர்வை ஏற்பாடு செய்தவன் யார்' என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு ஆமாம் என்று பதில் சொன்னதும் இரண்டாவது செல்லாமல் போய்விடாது.

நம் சட்டத்தில் இதற்கு ஒரு பாதி இடம் இருக்கிறது. 2013-ல் திருத்தப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 370-வது பிரிவு, ஆட்கடத்தல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் சம்மதம் ஒரு பொருட்டே இல்லை என்றது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது 143-வது பிரிவாகத் தொடர்கிறது. ஆனால் ஒருவனைக் குற்றம் செய்யவைத்துச் சுரண்டுவது என்பது அங்கே பெயர் சொல்லி இல்லை. குழந்தைகளைக் குற்றத்துக்கு அமர்த்தினால் அமர்த்தியவருக்குத் தண்டனை என்று 95-வது பிரிவு தனியாக இருக்கிறது, நல்லது. குழந்தை என்றால் பதினெட்டுக்குக் கீழே. மலைப்பள்ளியில் சேரும்போது ஹெட்மாஸ்டர் உத்தேசமாகப் போட்ட பிறந்த தேதிகள் எத்தனை என்று யோசித்துப் பாருங்கள். மே கடைசி, ஜூன் முதல் வாரத்தில் பிறந்தவர்களாகவே ஒரு தலைமுறை நம்மிடையே இருக்கிறது. அந்தத் தேதிக்கு முதல் நாள் அவன் பாதுகாக்கப்பட வேண்டியவன், மறுநாள் கடத்தல்காரன்.

இங்கிலாந்தில் வேறு மாதிரி யோசித்தார்கள். வியட்நாமிலிருந்து கொண்டுவரப்பட்ட பையன்கள் பூட்டிய வீடுகளுக்குள் கஞ்சாச் செடி வளர்த்துப் பிடிபட்டுத் தண்டிக்கப்பட்டார்கள். பெருநகரக் கும்பல்கள் பள்ளிப் பையன்களிடம் போதைப்பொருளைக் கொடுத்துச் சின்ன ஊர்களுக்கு ரயிலில் அனுப்பின. இவர்களைக் குற்றவாளிகளாகப் பார்ப்பதா என்கிற விவாதத்தின் ஊடாக நவீன அடிமைமுறைச் சட்டம் வந்தது. சுரண்டலின் காரணமாகக் கட்டாயப்படுத்தப்பட்டுக் குற்றம் செய்தவர் அதையே தன் எதிர்வாதமாக நீதிமன்றத்தில் வைக்கலாம் என்கிறது அதன் 45-வது பிரிவு. கொலை போன்ற பெரிய குற்றங்களுக்கு அது பொருந்தாது. பதினெட்டுக்குக் கீழே என்றால் கட்டாயப்படுத்தப்பட்டதை நிரூபிக்க வேண்டியதும் இல்லை. அந்தச் சட்டம் ஒப்புதல் பெற்ற நாள் 2015 மார்ச் 26. சேஷாசலத்துக்குப் பன்னிரண்டு நாள் முன்னால். அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. குற்றம் செய்த கையும் சுரண்டப்பட்ட கையும் ஒரே கையாக இருக்கலாம் என்பதை ஒரு சட்டப்புத்தகம் ஒப்புக்கொண்டது, அதைச் சொல்கிறேன்.

அந்தக் கும்பல்களின் ஒரு தந்திரம் கேட்டால் நமக்குப் புதிதாக இருக்காது. பையனிடம் சரக்கைக் கொடுத்தனுப்பிவிட்டு, வழியில் தங்கள் ஆளை வைத்தே அதைப் பிடுங்கிக்கொள்வார்கள். சரக்கைத் தொலைத்துவிட்டாய், இனிமேல் கடன் அடைக்கும்வரை ஓடு என்பார்கள். நம் ஊரில் அதற்குக் கொள்ளைகூட வேண்டியதில்லை. கைதானாலே போதும். வக்கீல் செலவும் ஜாமீன் செலவும் மேஸ்திரி வழியாகத்தான் வரும், அது கணக்கில் ஏறும், வெளியே வந்தவன் அதை அடைக்க இன்னொரு நடை போக வேண்டும். முதல் தடவை அம்மாவுக்காகப் போனவன் ரெண்டாவது தடவை ஜாமீனுக்காகப் போகிறான்.

*

புஷ்பா படம் பார்த்திருப்பீர்கள். செம்மரம் வெட்டுகிற கூலி ஒருவன் தோளைச் சாய்த்து நடந்தே சிண்டிகேட்டின் தலைவன் ஆகிறான். தேசிய விருது வாங்கிய நடிப்பு. எனக்கும் படம் பிடித்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்று: அந்தக் கதையில் காடு ஒரு ஏணி. கீழே ஏறுகிறவன் மேலே போய்ச் சேரலாம். நிஜத்தில் கோடாலிக்காரன் ஏற அங்கே ஏணியே கிடையாது. அதிகபட்சம் மேஸ்திரி ஆகலாம், அதாவது தன் ஊர்ப் பையன்களைத் தேடிப் போகிற மாமா ஆகலாம். படம் பார்த்துவிட்டுத் தாடியைத் தடவிய எந்தப் பையனையும் அது ஆந்திராவுக்கு அனுப்பியிருக்காது. ஆனால் போகிறவனுக்கு, போவதைப் பற்றிச் சொல்லிக்கொள்ள ஒரு கதையைக் கொடுத்தது. பயத்துக்கு மேலே போட்டுக்கொள்ள ஒரு சட்டை.

பயம் தடுக்கும் என்று நினைப்பவர்களுக்கு 2018 பிப்ரவரியைச் சொல்ல வேண்டும். கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து உடல்கள் மிதந்தன. சேலம் மாவட்டக் கல்வராயன் மலைக்காரர்கள். தப்பி ஓடும்போது நீரில் மூழ்கியிருப்பார்கள் என்றது போலீஸ், உறவினர்கள் நம்பவில்லை. இருபது பேர் செத்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. அந்தச் செய்தி எட்டாத மலை தமிழ்நாட்டில் இல்லை. தெரிந்தும் போனார்கள். அவர்களுக்குத் தெரியப்படுத்துவதால் மட்டும் எதுவும் நடக்காது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? ஆனாலும் ஒவ்வொரு சாவுக்கும் பிறகு நாம் செய்வது விழிப்புணர்வு முகாம்தான். நோட்டீஸ், மைக், ஒரு அதிகாரியின் பேச்சு, டீ, பிஸ்கட்.

*

அப்படியானால் துணை நிற்பது என்றால் என்ன? என்னிடம் திட்டம் இல்லை, ஒரு அளவுகோல் இருக்கிறது. மேஸ்திரியை எடுத்துக்கொள்வோம். அவர் என்னவெல்லாம் தருகிறார்? உடனே பணம். கேள்வி கேட்காத முகம். பிடிபட்டால் வக்கீல். வெளியே வந்தால் மறுபடி ஒரு வேலை. ஒரு சமூகநல அலுவலகம் தர வேண்டிய எல்லாவற்றையும் அந்த ஆள் தன் சட்டைப் பையிலிருந்து தருகிறார், பிறகு உயிரை எடுத்துக்கொள்கிறார். உதவி என்று எதைச் செய்தாலும் அது அவரோடு போட்டி போட வேண்டும். ஆறு மாதத் தையல் பயிற்சி நல்லதுதான். ஆனால் அவசரம் வந்தது செவ்வாய்க்கிழமை ராத்திரி.

மலைவாழ் மக்களுக்கான கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, லேம்ப் சொசைட்டி என்பார்கள். நிலத்தைக் காட்டினால் பயிர்க்கடன், நகையைக் காட்டினால் நகைக்கடன். நகை இல்லாத வீடு. நிலமோ, தாத்தா காலத்திலிருந்து உழுகிறார்கள், காகிதம் கிடையாது. வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தது. தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடையால் 2016 வரை பட்டா வழங்குவது முடங்கிக் கிடந்தது. அந்தப் பத்து வருஷத்துக்குள்தான் சேஷாசலம் நடந்தது. ஒன்றுக்கு ஒன்று நேர்க் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் தன் நிலத்தைத் தன்னுடையது என்று காட்ட ஒரு காகிதம் இல்லாதவனிடம், முன்பணம் கொடுத்தவரின் வார்த்தை மட்டும்தான் சட்டமாக இருக்கும்.

இன்னொன்று, யார் பேசுவது என்பது. சிகாகோவில் கும்பல் சண்டைகளைத் தடுக்க 2000-ல் தொடங்கிய முயற்சி ஒன்று, போலீஸையோ பாதிரியாரையோ அனுப்பாமல், ஒரு காலத்தில் அதே கும்பல்களில் இருந்து வெளியே வந்தவர்களைத் தெருவுக்கு அனுப்பியது. அவர்கள் சொன்னால் பையன்கள் நின்று கேட்டார்கள். நம் மலைகளில் அப்படிப்பட்டவர்கள் இல்லாமல் இல்லை. போய்வந்தவன், ஆந்திர ஜெயிலில் தெலுங்கில் எழுதிய குற்றப்பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், தம்பியைப் பறிகொடுத்தவன். இவர்களை மேடையில் ஏற்றி 'திருந்தியவர்' என்று சால்வை போடுவதைத்தான் நாம் செய்வோம். மேஸ்திரி போகிற அதே ராத்திரி பத்து மணிக்கு, அதே வீட்டுக்கு, கையில் கொஞ்சம் பணத்தோடு அவர்களை அனுப்ப எந்தத் துறைக்கும் தலைப்பு கிடையாது.

இதில் நான் முக்கியமாக நினைப்பது, உதவிக்கு முன்நிபந்தனையாக அப்பாவித்தனத்தைக் கேட்கக் கூடாது என்பது. கேட்டால் என்ன ஆகும்? அவன் பொய் சொல்லக் கற்றுக்கொள்வான். பெயிண்ட் வேலைன்னு சொன்னாங்க சார், எனக்கு ஒண்ணும் தெரியாது சார். அந்தப் பொய்யை நாமே எழுதிக் கொடுத்தோம். பிறகு அது நீதிமன்றத்தில் உடையும்போது, பார்த்தியா, இவனுங்க எல்லாம் இப்படித்தான் என்போம். ரெண்டாவது தடவை பிடிபட்டவன் கதவைத் தட்டவே மாட்டான், ஏனென்றால் ஒருவனை ரெண்டு தடவை ஏமாற்றியதாக யாரும் நம்ப மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். அவன் எங்கே போவான்? ரெண்டாவது தடவையும் கேள்வி கேட்காத ஒருவர்தான் இருக்கிறார்.

கடப்பா மத்தியச் சிறையிலிருந்து ஒருவன் ஒரு காலையில் வெளியே வருகிறான் என்று வையுங்கள். மொழி தெரியாத ஊர். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. திருப்பதிக்கு ஒரு பஸ், அங்கிருந்து வேலூர், பிறகு போளூர், பிறகு ஜமுனாமரத்தூருக்கு மலை ஏறுகிற பஸ். நாலு டிக்கெட், நடுவில் ரெண்டு வேளைச் சாப்பாடு. வாசலில் ஒருத்தர் காத்திருக்கிறார். பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு, "வா மாப்ள, மொதல்ல சாப்புடலாம்" என்கிறார். எதிர்ச்சாரியில் வேறு யாராவது நிற்கிறார்களா என்று அவன் ஒரு தடவை பார்க்கிறான்.